வாய்த்தாரியும் வினையெச்சமும்: களரிப் பயிற்சிக் கட்டளைகளின் மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

உடலைப் பழக்கும் கலைகள் பார்த்துச் செய்வதனால் மட்டுமே கைவருவன என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் பயிற்சிக்களத்தில் ஆசிரியரின் குரல் ஓய்வதில்லை. ஏவுதல், எண்ணுதல், திருத்துதல், நிறுத்துதல் எனப் பல பணிகளை அக்குரல் ஆற்றுகிறது. கேரளத்தின் போர்க்கலையான களரிப்பயற்றில் இக்குரலுக்கென்றே தனிப்பெயர் வழங்குகிறது. வாய்த்தாரி என்பது அப்பெயர். ஆசிரியர் வாய்த்தாரி சொல்ல, அதன் போக்கிற்கேற்ப மாணவர் உடல் இயங்கும். மாணவர் பலர் ஒருங்கே பயிலும்போது அனைவரையும் ஒரே கதியில் இணைப்பதும் அதுவே.

களரிப்பயற்று இன்று மூவகையினர்க்குக் கற்பிக்கப்படுகிறது. மரபுப்படி ஏழாம் வயதில் பயிற்சி தொடங்கும் சிறுவர் முதல்வகையினர். உடல்நலம், மன ஒருமை ஆகியவற்றை நாடி வரும் வளர்ந்தோர் இரண்டாம் வகையினர். நடனக் கலைஞர், நடிகர், போட்டியாளர், பயிற்றுநர், நடுவர் எனத் தொழில்முறையில் கற்போர் மூன்றாம் வகையினர். நடன அமைப்பாளர் சந்திரலேகா தம் 'அங்கிகா' என்னும் படைப்பில் (1985) களரி அசைவுகளைக் கையாண்டமை இம்மூன்றாம் வகைக்கு நல்ல சான்று.

இக்கலை கேரள எல்லைக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. 2020 டிசம்பரில் நடுவண் அரசின் விளையாட்டு அமைச்சகம் களரிப்பயற்று, பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-டா, மல்லகம்பம் ஆகிய நான்கினைக் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சேர்ப்பதாக அறிவித்தது. இவை 2022 ஜூனில் அரியானாவில் நடைபெற்ற போட்டிகளில் இடம்பெற்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக அமைந்தது. ஒரு வட்டாரத்தின் கலை பிற மாநிலங்களுக்குச் செல்லும்போது கையேடும் விதிநூலும் பாடக்குறிப்பும் தேவைப்படுகின்றன. அங்கே மொழிபெயர்ப்பாளரின் பணி தொடங்குகிறது.

போர்க்கலைச் சொற்களை மொழிபெயர்ப்போர் அவை அனைத்தையும் பெயர்களாகவே கருதும் போக்கு உண்டு. பெயர்களுக்கு நிகரன்கள் கண்டுவிட்டால் பணி முடிந்தது என்று அமைவர். வாய்த்தாரியோ பெயர்த்தொகுதி அன்று; அது வினைகளின் தொடர். அத்தொடரின் இலக்கண வடிவத்தைப் பேணாத மொழிபெயர்ப்பு, சொற்பொருளைச் சரியாகத் தந்தாலும் பயிற்சியைச் சிதைத்துவிடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. வாய்த்தாரியின் இயல்பு

மலையாளத்தில் வாய்த்தாரி என்னும் சொல் களரிக்கு மட்டும் உரியதன்று. செண்டை முதலிய தாளக்கருவிகளைக் கற்பிக்கையில் வாயாற் சொல்லும் ஒலித்தொடரையும் அது குறிக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இப்பொருளை மட்டும் கருத்திற்கொண்டால் 'சொற்கட்டு' என்றோ 'ஜதி' என்றோ பெயர்த்துவிட வாய்ப்புண்டு. தாளக்கருவியின் வாய்த்தாரி அகராதிப் பொருளற்ற அசைகளால் ஆனது. ஒலியைப் போன்மை செய்வதே அதன் பணி. களரியின் வாய்த்தாரியோ பொருளுடைய சொற்களால் ஆனது. வலம் எது, இடம் எது, எப்போது தாழ்வது, எப்போது எழுவது, எங்கே திரும்புவது என அது வழிகாட்டிக்கொண்டே செல்லும். இரண்டிற்கும் பொதுவாக உள்ளது கதி மட்டுமே.

பிற போர்க்கலைகளின் கட்டளைகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ஜூடோவில் போட்டியைத் தொடங்க 'ஹஜிமே' என்றும் இடைநிறுத்த 'மத்தே' என்றும் உலகெங்கும் ஜப்பானிய மொழியிலேயே சொல்லப்படுகின்றன. வாட்போட்டியின் கட்டளைகள் பிரெஞ்சு மொழியில் உள்ளன. இந்திய நகரங்களில் கராத்தே பயிலும் சிறுவர் 'இச்சி, நி, சான்' என்று ஜப்பானிய எண்களைச் சொல்லியே குத்துப் பழகுகின்றனர். இச்சொற்களின் பொருளை அவர்கள் அறியவேண்டிய கட்டாயம் இல்லை. இன்ன ஒலி கேட்டால் இன்ன செயல் என்னும் பிணைப்பு போதும். இவற்றைக் குறிக்கட்டளைகள் எனலாம்.

வாய்த்தாரி இவ்வகையைச் சார்ந்ததன்று. செயலைத் தொடங்கிவைத்து அது ஒதுங்குவதில்லை. செயலின் ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே உடன்வருகிறது. இதனை வழிக்கட்டளை எனலாம். குறிக்கட்டளையை மொழிபெயர்க்காமல் விட்டாலும் பயிற்சிக்குக் குறைவில்லை. வழிக்கட்டளையின் பொருள் விளங்காவிடில் மாணவர் முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யும் நிலைக்குத் தள்ளப்படுவர். ஒருமுறை திரும்பியவுடன் முன்னால் நின்றவர் பின்னால் ஆகிவிடுவார். அப்போது பார்த்துச் செய்யவும் வழியில்லை.

3. எச்சத்தொடரின் இலக்கணம்

மெய்ப்பயற்று எனப்படும் உடற்பயிற்சித் தொடர்களுக்குரிய வாய்த்தாரிகளில் அமர்ன்னு, நிவர்ன்னு, திரிஞ்ஞு, சவிட்டி, மாறி போன்ற வடிவங்கள் மிகுதியாகப் பயில்கின்றன. இவை இறந்தகால வினையெச்சங்கள். தமிழின் அமர்ந்து, நிமிர்ந்து, மாறி ஆகியவற்றோடு இவற்றுள் சில நேரே உறவுடையன. ந்த் என்பது ன்ன் என மாறுவது ஏ. ஆர். இராஜராஜவர்மா தம் கேரளபாணினீயத்தில் (1896) கூறும் ஆறு நயங்களுள் ஒன்றாகிய அனுநாசிகாதிப்ரசரத்தின் விளைவு.

அவர் கூறும் மற்றொரு நயம் புருஷபேதநிராசம். இட, பால், எண் வேறுபாடு காட்டும் விகுதிகள் மலையாள வினைமுற்றுகளில் நீங்கியமையை அது குறிக்கும். இதனால் மலையாளத்தில் இறந்தகால முற்றும் எச்சமும் வடிவத்தில் மிக நெருங்கி நிற்கின்றன. இறுதி உகரத்தின் நிறைவும் குறுக்கமுமே பல இடங்களில் அவற்றை வேறுபடுத்துகின்றன. தமிழிலோ அமர்ந்தான், அமர்ந்தாள், அமர்ந்தார் என முற்று விகுதி பெறுவதால் அமர்ந்து என்பது ஐயத்திற்கு இடமின்றி எச்சமாகவே நிற்கும்.

இவ்வேறுபாடே மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்கிறது. எச்சமாக நின்ற சொல் முற்றுப்பெறாத தொடர் என்று தோன்றுவதால் அதனை ஏவலாக மாற்றுவதே முறை என அவர் கருதக்கூடும். அமர்ன்னு என்பது 'அமர்' என்றும், நிவர்ன்னு என்பது 'நிமிர்' என்றும் ஆகிவிடும். சொற்பொருளில் இதில் பிழையில்லை. ஆயினும் மூன்று இழப்புகள் நேர்கின்றன.

முதலாவது, தொடர்ச்சி கெடுகிறது. ஏவல் ஒவ்வொரு செயலையும் தனித்தனியே முடித்துவைக்கிறது. 'அமர்' என்று கேட்டவர் அமர்ந்து அங்கேயே நிற்பார். 'அமர்ந்து' என்று கேட்டவரோ அடுத்துவரும் வினையை எதிர்நோக்குவார். எச்சத்தின் முற்றுப்பெறாமையே இங்கு வேண்டப்படுவது. உடல் ஓரிடத்தில் இறுகிவிடாமல் அடுத்த அசைவிற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது களரிப் பயிற்சியின் அடிப்படை. அதனை விளக்கவுரையாகச் சொல்லாமல் வினை வடிவமே உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, கால அளவு கெடுகிறது. எச்ச வடிவத்தில் வினைப்பகுதி முன்னும் காலங்காட்டும் இறுதி பின்னும் வருகின்றன. பகுதி காதில் விழுந்தவுடன் மாணவர் எச்செயல் என அறிந்து இயங்கத் தொடங்குவர். சொல் முடியும்போது செயலும் முடிந்திருக்க வேண்டும். இறந்தகால எச்சம் 'இது முடிந்தது, இனி அடுத்தது' எனக் கூறுவதும் இதற்கு இயைபாக உள்ளது. சொல்லை நீட்டினால் அசைவு மெதுவாகும்; குறுக்கினால் விரைவாகும். 'அமர்' என்னும் குறுகிய ஏவலில் இந்நெகிழ்ச்சிக்கு இடம் குறைவு.

மூன்றாவது இழப்பு மதிப்புநிலை பற்றியது. அது தனியே விளக்கத்தக்கது.

4. மூவகைக் கற்போரும் கட்டளை வடிவமும்

தமிழில் ஏவல் வினை கேட்போரின் எண்ணையும் மதிப்பையும் காட்டாமல் நிற்பதில்லை. ஏழு வயதுச் சிறுவனை நோக்கித் 'திரும்பு' எனலாம். நாற்பது வயதுடைய ஒருவரையோ, பயிற்சிக்கு வந்த காவல்துறை அதிகாரியையோ நோக்கி அவ்வாறு கூறுதல் பொருந்தாது. 'திரும்புங்கள்' என்றோ 'திரும்பவும்' என்றோ கூறவேண்டும். இவர்கள் மூவரும் ஒரே வகுப்பில் நின்றால் ஆசிரியர் எவ்வடிவத்தைக் கையாள்வது? 'அமர்' என்னும் ஈரசை 'அமருங்கள்' என நான்கசையாகும்போது கதி என்னவாகும்? சிறுவர் வகுப்பிற்கு ஒரு கட்டளைத் தொடரும் வளர்ந்தோர் வகுப்பிற்கு மற்றொரு தொடரும் அமைந்தால் ஒரே பயிற்சி இரு கதிகளாகப் பிரிந்துவிடும்.

எச்ச வடிவத்திற்கு இச்சிக்கல் இல்லை. அமர்ந்து, நிமிர்ந்து, திரும்பி ஆகியன இடம், பால், எண், மதிப்பு ஆகிய எதனையும் காட்டா. சிறுவர்க்கும் பெரியோர்க்கும் அவை ஒன்றே. களரியினுள் நுழைந்தோர் அனைவரும் கற்போரே என்னும் மரபுணர்வுக்கு இது பொருந்தி வருகிறது. வடகரையின் மீனாட்சி அம்மா 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது எழுபது வயதைக் கடந்தவர். ஏழு வயதில் பயிலத் தொடங்கியவர். ஒருவரே சிறுமியாகவும் முதியவராகவும் அதே வாய்த்தாரியில் நிற்க இயலும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இந்தியப் படையிலும் தேசிய மாணவர் படையிலும் அணிநடைக்குரிய இந்திக் கட்டளைகள் இச்சிக்கலை வேறுவகையில் தீர்க்கின்றன. 'தாஹினே முட்' என்பதில் விகுதியற்ற வினைப்பகுதியே நிற்கிறது. அன்றாடப் பேச்சில் அவ்வடிவம் மதிப்புக் குறைவானது. அணிநடையில் மரபு அக்குறைவை நீக்கிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு செயலும் வெட்டினாற்போல் முடிவுறுதல் வேண்டும். ஆகவே ஏவல் அங்கே ஏற்புடையது. களரியில் செயல்கள் ஒன்றனுள் ஒன்று பாய்தல் வேண்டும். ஆகவே எச்சம் இங்கே ஏற்புடையது. பயிற்சியின் இயல்பே கட்டளையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

எச்சங்களை மட்டும் அடுக்குவது தமிழுக்கு இயல்பாகுமா என்னும் ஐயம் எழலாம். அடுக்களையில் ஒருவர் மற்றவர்க்குச் சமையல் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கவனித்தால் ஐயம் நீங்கும். எண்ணெய் ஊற்றி, கடுகு போட்டு, வெடித்ததும் வெங்காயம் வதக்கி எனத் தொடர்ந்து எச்சங்களே வரும். இறுதியில் ஒரு முற்று வரும், அல்லது 'அவ்வளவுதான்' என்பதோடு முடியும். செய்முறையை வாய்மொழியாகக் கற்பிக்கத் தமிழர் ஏற்கெனவே கையாளும் வடிவம் இது.

எனினும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் வினையெச்சம் முன்பின் நிகழ்ச்சியை மட்டுமன்றி உடனிகழ்ச்சியையும் உணர்த்தும். 'வலக்காலை உயர்த்தித் திரும்பி' என்றால் கால் உயர்ந்தவாறே திரும்புவதா, இறக்கிவிட்டுத் திரும்புவதா? களரியில் ஆசிரியரின் குரலிலுள்ள இடைவெளி விடை தந்துவிடும். கையேட்டில் அவ்விடைவெளியைக் குறியாற் காட்டுதல் வேண்டும். உடனிகழும் செயல்களைச் சேர்த்தும், அடுத்தடுத்து நிகழ்வனவற்றை இடைக்கோடிட்டும் எழுதலாம்: அமர்ந்து — நிமிர்ந்து — வலக்காலை உயர்த்தித் திரும்பி — கால் ஊன்றி — நின்று. இம்முறையில் சந்தி புணர்த்துதலும் ஒரு குறிப்பாகிவிடும். உயர்த்தித் திரும்பி என வல்லெழுத்து மிகும் இடத்தில் அசைவு பிரிவதில்லை.

5. உருவில் ஒத்துப் பொருளில் வேறுபடுவன

மலையாளமும் தமிழும் நெருங்கிய உறவுடைய மொழிகள். இந்நெருக்கமே மொழிபெயர்ப்பில் இடர் தருகிறது. களரிச் சொற்கள் பலவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதியவுடன் பொருள் விளங்கியதாகத் தோன்றும். விளங்கும் பொருளோ வேறாக இருக்கும்.

களரி என்பதே புறநானூற்றில் கள்ளி படர்ந்த சுடுகாட்டு நிலத்தைக் குறிக்கக் காண்கிறோம். மலையாளத்தில் அது பயிற்சிக்கூடம். பயற்று என்பது தமிழின் பயிற்று என்பதனோடு உறவுடையது. மலையாள றகர இரட்டையின் ஒலிப்பைக் காதால் மட்டும் கேட்டு எழுதுவதால் 'பயட்டு' என்னும் வடிவம் தமிழ் இதழ்களில் புகுந்துள்ளது. அது இவ்வுறவை மறைத்துவிடுகிறது.

குருக்கள் என்பது வடகேரளக் களரி ஆசிரியரைக் குறிக்கும் மதிப்புச்சொல். தமிழ் வாசகர்க்கு அது சிவன்கோயில் அர்ச்சகர். கன்னியாகுமரிப் பகுதியில் அடிமுறை கற்பிப்போரை ஆசான் என வழங்குவதால், பொதுநிலையில் அச்சொல்லே தக்க நிகரன்.

உறுமி என்பது களரியில் நெகிழும் நீண்ட வாள், தமிழில் தோற்கருவி. சிலம்ப ஆசிரியர் வழங்கும் சுருள்வாள் என்னும் சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கப் புதுச்சொல் புனைய வேண்டியதில்லை.

அங்கம் என்பது மலையாளத்தில் இருவர் பொரும் போர், தமிழில் உடலுறுப்பு. மலையாள எழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்தும். தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடும். களரிப் பயிற்சி மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என நான்கு படிகளில் செல்கிறது. உலோக ஆயுதங்களுக்குரிய அங்கத்தாரியை 'உறுப்புப் பயிற்சி' எனப் பெயர்த்தால் மூன்றாம் படி முதற்படியாகத் தோன்றிவிடும்.

மெய் என்பதும் இத்தகையதே. உடல் முழுவதும் கண்ணாக வேண்டும் என்னும் கருத்தில் களரியோர் மெய் கண்ணாதலைப் பற்றிக் கூறுவர். பிலிப் சரில்லி களரிப்பயற்று குறித்து எழுதிய ஆங்கில நூலின் (1998) தலைப்பும் இக்கருத்தையே தழுவியது. சைவ சித்தாந்த மரபில் பழகிய தமிழ் வாசகர் மெய், கண் ஆகிய சொற்களை ஒருங்கே கண்டதும் உண்மையைக் காணுதல் எனக் கொள்வது இயல்பு. 'உடலெல்லாம் கண்ணாதல்' என விரித்துரைத்தால் இம்மயக்கம் எழாது. வளர்ந்தோர்க்கான விளக்கவுரைகளில் இத்தகைய சொற்கள் மிகுதியாக வருவதால் அவ்வகை நூல்களில் இக்கவனம் பெரிதும் வேண்டப்படுகிறது.

பெயர்ச்சொற்களில் நேரும் மயக்கம் வாசகரைக் குழப்பும். கட்டளையில் நேரும் மயக்கமோ உடலைத் தாக்கும். திரிஞ்ஞு என்பதைத் 'திரிந்து' என எழுதினால் அலைதலும் மாறுதலுமே தமிழில் தோன்றும்; 'திரும்பி' என்பதே வேண்டுவது. இடத்து என்பது மலையாளத்தில் இடப்பக்கம். தமிழில் 'இடத்தில்' என்னும் பொருள் தரும். ஆகவே இடக்கால், இடக்கை என உறுப்போடு சேர்த்துச் சொல்லுதலே தக்கது.

சவிட்டி என்னும் சொல் இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது. மலையாளத்தில் அது மிதித்தலையும் உதைத்தலையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் இவை இரண்டு வினைகள். ஒன்று நிலத்தை நோக்கியது. மற்றொன்று எதிரில் நிற்பவரை நோக்கியது. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அகராதி அவருக்கு உதவாது. அவ்வசைவை நேரிற் கண்டோ, செய்வோரைக் கேட்டோ அறிதல் வேண்டும். இணைகளாக நின்று பயிலும் சிறுவர் இருவருள் ஒருவர் மிதிக்க வேண்டிய இடத்தில் உதைத்தால் நேர்வது சொற்பிழை அன்று.

இவ்வாறான இடங்களில் உதவி தமிழகத்தின் தென்கோடியிலேயே கிடைக்கிறது. மலையாளச் சுவடு என்பது கால்வைப்பு முறையைக் குறிக்க, பொதுத்தமிழில் சுவடு என்பது பதிந்து மறையும் தடம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து அடிமுறையில் ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு எனக் களரிப்பொருளிலேயே அச்சொல் வழங்குகிறது. அகராதித் தமிழில் இல்லாத பொருள் தொழில்முறைத் தமிழில் உயிரோடிருப்பதை இது காட்டும். புதிய கலைச்சொற்களை ஆக்குமுன் இவ்வட்டார வழக்குகளைத் தொகுத்தல் இன்றியமையாதது.

6. மொழிபெயர்க்கத் தக்கனவும் தகாதனவும்

மேற்கூறியவற்றால் எல்லாச் சொற்களையும் பெயர்த்தாக வேண்டும் என்பது பெறப்படுவதில்லை. களரியில் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எண்வகை வடிவுகள் கூறப்படுகின்றன. இவை கஜவடிவு, மார்ஜாரவடிவு, குக்குடவடிவு என வடசொற்பெயர்களால் வழங்கும். சிறுவர்க்கு 'பூனை வடிவு' என்றவுடன் பதுங்கும் பூனை கண்முன் நிற்கும். உடலும் தானே தாழும். மார்ஜாரம் என்னும் சொல் அவ்வுதவியைச் செய்யாது. ஆகவே சிறுவர் நூலில் பெயர்ப்பதே முறை. பல மாநிலத்தவர் கூடும் போட்டியில் நடுவரின் மதிப்பெண் தாளிலோ மூலப்பெயரே நிற்றல் வேண்டும். ஒரே வடிவிற்கு மாநிலந்தோறும் ஒரு பெயர் இருந்தால் முறையீடுகளுக்கு முடிவிராது. தொடங்குதல், நிறுத்தல் ஆகிய குறிக்கட்டளைகளும் இவ்வாறே ஒரு மொழியில் நிலைபெறுதல் நன்று. நிறுத்தச் சொல்லும் சொல் குறிப்பாக ஐயத்திற்கு இடமற்றதாய் இருக்கவேண்டும்.

பெயர்களைப் பெயர்க்கையில் அவற்றின் வரலாறும் நினைவிற்கொள்ளத்தக்கது. கராத்தே என்பது முன்னர்ச் 'சீனக் கை' எனப் பொருள்படும் எழுத்தால் எழுதப்பட்டது. அதே ஒலிப்புடைய 'வெறுமை' என்னும் எழுத்தால் எழுத 1936இல் ஒக்கினாவாவில் கூடிய ஆசிரியர்கள் இசைந்தனர். இதனை 'வெறுங்கை' எனத் தமிழாக்கினால் களரியின் நான்காம் படியோடு அது மயங்கும். ஒலிபெயர்ப்பே இங்குத் தெளிவு தருவது.

7. முடிவுரை

பயிற்சிச்சொல் ஒன்றை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்கவேண்டிய வினா அதன் பொருள் யாது என்பதன்று. அது களத்தில் என்ன பணி செய்கிறது என்பதே. பெயராக நின்றால் வாசகர் யார் என்பதைக் கொண்டு பெயர்க்கலாம், அல்லது மூலவடிவில் விடலாம். குறிக்கட்டளையாக நின்றால் மூலவடிவில் நிறுத்தலாம். வழிக்கட்டளையாக நின்றால் பெயர்த்தே ஆகவேண்டும். அப்போது பொருளோடு இலக்கண வடிவத்தையும் கொண்டுசேர்த்தல் வேண்டும். மலையாள வாய்த்தாரியைப் பொறுத்தவரை அவ்வடிவம் வினையெச்சம். சிறுவர், வளர்ந்தோர், தொழில்முறையினர் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் ஒரே கதியில் இயக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தமிழில் அவ்வடிவம் குறைவின்றி உள்ளது.

அச்சிட்ட கையேடு பரவும் வேகத்தில் வாய்மொழி மரபு பரவுவதில்லை. கையேட்டில் ஏவல்களாகச் சிதறிய தொடரைப் பயிலும் தலைமுறை, அசைவுகளை அறிந்திருக்கும். அவற்றை இணைத்த குரலை அறிந்திராது. கட்டளைகளை எழுத்தில் வடிக்குமுன் அவற்றைச் சொல்லும் ஆசான்களின் குரலைப் பதிவுசெய்து, இடைவெளியும் நீட்டமும் உட்படப் பகுத்தாய்தல் மொழியியலார் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.